அவர் யாரிடம் ஜெபித்தார்?

என் கணவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். "வேற வேலை பாருங்க" என்று நான் சொன்னதற்கு, "என் வேலையப் பத்திப் பேசாத" என்று கத்திவிட்டார். அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குழம்பு வேண்டுமா என்பதைக்கூட மகள் வழியாகத்தான் கேட்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்காகவும் சாயங்காலக் குடும்ப ஜெபம் நிற்காது. பாயில் முழங்காலிட்டு, ஒருவர்பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். 'ஆண்டவரே, இவருடைய பிடிவாதத்தை மாற்றும்' என்று நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

மகள் முடித்ததும் அவர் ஆரம்பித்தார். எப்போதும் வேதாகமத் தமிழில் ஜெபிப்பவர், அன்று பாதியில் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிட்டார்.

"ஆண்டவரே, கம்பெனி கேட்டுக்குள்ள நுழையும்போது எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவகிட்ட சொன்னா தூங்க மாட்டா. அதான் சத்தம் போட்டேன்."

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது. நான் திறந்துவிட்டேன். அவர் கண்களை இறுக மூடியிருந்தார்.

என் முறை வந்தது. தயார் செய்த ஜெபம் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, அவுக பயத்த என்கிட்டயும் சொல்லச் சொல்லும். நான் தூங்காட்டியும் பரவாயில்ல."

மகளை முந்திக்கொண்டு அவர் "ஆமென்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வைக்கியா?" என்றார்.

இப்போதும் அப்படித்தான் ஜெபிக்கிறார். அது ஆண்டவருக்கா, எனக்கா? எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான். கேட்டால், அப்புறம் வேதாகமத் தமிழுக்கே திரும்பிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொள்கிறேன்.