மூடியால் வரைந்த வட்டம்

அக்காவின் டிபன் டப்பா மூடி நெடுநாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவ அறிக்கைகளைப் படித்து நோய்களை வகைப்படுத்தக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. குழுவில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அவர் ஒருவருக்குத்தான் உண்மையாகவே கணக்குத் தெரியும். மற்றவர்கள் தெரிந்ததுபோல் தலையாட்டுவோம்.

நான் சேர்ந்த வாரம், சாப்பிட்டு முடித்த அக்கா அந்த மூடியைக் கழுவி வெள்ளைப் பலகையில் வைத்து, சுற்றி ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு புள்ளி: நோய். அதிலிருந்து நரம்பு, ஈரல், இரத்தம் என்று கிளைகள், கிளைக்குள் கிளைகள். தட்டையான தாளில் வரைந்தால் நுனிக்குப் போகப்போக இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதிபரவளைய வடிவியல் என்னும் வளைந்த வெளியின் கணக்கில், வட்டத்தின் ஓரத்தை நெருங்க நெருங்க இடம் பெருகிக்கொண்டே போகும். அதனால் பொதுவான வகைகளை நடுவிலும் அபூர்வமான நோய்களை ஓரத்திலும் வைப்போம்.

"பாக்கத்தான் பக்கம் பக்கமா இருக்கும் தம்பி. ஓரத்துல ஒரு மயிரிழைனா, இங்கேருந்து கிள்ளான் தூரம் லா. அங்க கைய வைக்கறப்ப பாத்து வை," என்றார்.

கை வைத்தது நான்தான். வாடிக்கையாளருக்குக் காட்ட இரண்டு நாள் இருந்தபோது கணக்கு அடிக்கடி உடைந்தது. ஓரத்துப் புள்ளிகளின் தசம இலக்கங்களைக் கணினியால் தாங்க முடியவில்லை. ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டும் புள்ளிகளையெல்லாம் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. பிழைகள் ஓடிப்போயின. அக்கா அன்று விடுப்பில், கணவரோடு மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் எல்லாரும் என்னைப் பாராட்டிவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவின் கணவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். கை நடுங்கத் தொடங்கியது, பேச்சு குழறியது. குடிபோதை என்று சொல்லி வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் குடித்ததே இல்லை என்று அக்கா போகிற இடமெல்லாம் சத்தியம் செய்தார். ஒரு மத்தியானம் கணவருடைய மருத்துவ அறிக்கைகளை என்னிடம் நீட்டினார்.

"நீயே போட்டுப் பாரு தம்பி. எனக்குக் கை வரல."

புள்ளி ஓரம்வரை போகவில்லை; நடுக்கம் சார்ந்த நரம்பு நோய் என்று பொதுவாக வந்தது. "டாக்டர் சொன்னதேதான்," என்று பெருமூச்சு விட்டார். இன்னொரு நிபுணரைப் பார்க்க வாங்கியிருந்த தேதியை அன்று மாலையே தொலைபேசியில் ரத்து செய்தார். நான் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்குள் ஈரல் கெட்டுக் கணவர் இறந்தார். இறுதிச் சடங்கில் ஆண்கள் குடியைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள்.

அக்கா வேலையை விட்டபின், கூடுதல் இலக்கங்களோடு, அந்த எல்லையை எடுத்துவிட்டுக் கணினிக்கு மறுபடி கற்பித்தேன். முதலில் போட்டது அக்கா கணவருடைய அறிக்கைகளைத்தான். புள்ளி நேராக ஓரத்துக்குப் போய் நின்றது: உடலில் செம்பு சேரும் நோய். நடுங்கிய கை, குழறிய பேச்சு, கெட்ட ஈரல், எல்லாம் அந்த ஒன்றுதான். மருந்து இருக்கிற நோய்.

போன மாதம், அக்கா அலுவலகத்திலேயே விட்டுப்போன மூடியை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். ஒவ்வொரு நிலையத்திலும் சொல்லவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கிள்ளானில் தங்கையின் சேலைக்கடையில் இருந்தார் அக்கா. மூடியைப் பார்த்ததும் சிரித்தார். டப்பாமேல் தட்டைக் கவிழ்த்துத்தான் இன்னும் சாப்பாடு கொண்டுவருகிறாராம். பிறகு அவராகவே கணவரின் பேச்சை எடுத்தார்.

"நீ அன்னிக்கு மெஷின்ல போட்டியே, வேற ஒண்ணும் வரலியே. அப்ப மத்தவங்க சொன்னதுதான் போல. லோரில போறப்ப எனக்குத் தெரியாம குடிச்சிருக்காரு தம்பி. நான்தான் ஊரெல்லாம் சத்தியம் பண்ணிட்டுத் திரிஞ்சேன்."

அவர் குடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாக்கியத்தில் நான் செய்தது வந்துவிடும். பயந்தேன். அவருக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், எனக்காகத்தான் பயந்தேன்.

"டீ ஆறுது பாரு," என்றார். குடித்தேன்.

கிளம்பும்போது, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தன் மதியச் சாப்பாட்டை அந்த மூடியாலேயே மூடி என் கையில் திணித்தார். "டப்பாவ மறக்காம கொண்டா." வீட்டுக்கு வந்து தின்றேன், கழுவினேன். டப்பாவும் மூடியும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.