முதலில் யாரைக் கேட்பது

ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து ஆபீசுக்குள் நுழைந்த காலையில், என் மேஜைமேல் பொரிப் பொட்டலம் இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பூஜைக்கு நான் நிற்பதில்லை, அந்த இரண்டு நாளும் லீவு எடுத்துக்கொள்வேன். ஆனாலும் திரும்பி வரும்போது பொரியும் கடலையும் எனக்கென்று மடித்து வைத்திருப்பார்கள். அந்த வருஷம் மேஜை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. நானோ, பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு, கண்டக்டரிடமும் கேட்டுவிட்டு, உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டு அம்மாவிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிற ரகம். பொட்டலம் இல்லாததை லேசில் விட என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த ஒருவரிடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். குமாரலிங்கபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவதற்கு வீட்டில் பெரிய சண்டை போட்டு வாங்கிய வேலை. ‘பொம்பளப் பிள்ளை டவுனுக்குப் போயி என்னத்தைக் கிழிக்கப் போகுது’ என்று சித்தப்பா சொன்னது காதிலேயே இருந்தது. வேலை போனால் மறுவாரமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அந்த நாற்காலியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பூஜைக்குச் சில வாரங்கள் முன்புதான் ஆபீசுக்குப் புதுசாக ஒரு சர்வர் வந்திருந்தது. எல்லாக் கணக்கும் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும். எங்கள் மேஜைகளில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டியிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்து அதை மாட்டிக் கொடுத்த இஞ்சினியர் பக்கத்தில் நின்று அவர் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்தேன். சுவிட்சைப் போட்டு எழுந்ததும் அந்தப் பெட்டி முதலில் பிளாப்பியைத் தேடும், அங்கே ஒன்றும் இல்லையென்றால்தான் தன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிடம் போகும் என்று திரையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் உள்ளே இருக்க, வெளியிலிருந்து செருகுகிற தகட்டை எதற்கு முதலில் கேட்க வேண்டும்?

புதுப் பெட்டியின் டிஸ்க் காலியாக இருக்கும், பிளாப்பி வழியாகத்தான் எல்லாவற்றையும் உள்ளே ஏற்ற வேண்டும், அதனால் கம்பெனியிலேயே அப்படி வைத்து அனுப்புவார்கள் என்று அவர் சொன்னார். அதுதான் ஏற்றியாகிவிட்டதே, இப்போது மாற்றிவிடலாமே என்றேன். டீஃபால்ட்டில் கை வைக்க வேண்டாம், பின்னால் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று பெட்டியை மூடிவிட்டார். இவர் எதையோ மறைக்கிறார் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

மேஜையில் பையை வைத்துவிட்டுக் கண்ணாடி அறைப் பக்கம் போனேன். வாசலில் கணக்குப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர்.

“உள்ள போக வேணாம். எதையும் தொடாத. மதுரையில இருந்து ஆள் வருது,” என்றார்.

என்ன ஆச்சு என்று கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து முதலாளியே பெட்டியின் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அது எழுந்திருக்கவில்லை. டிஸ்க் சரியில்லை என்று இங்கிலீஷில் ஏதோ காட்டிவிட்டு நின்றுவிட்டது. புதுக் கணக்கைத் தொடங்குகிற நாளில் இப்படி ஆனதில் ஆபீசே கலங்கிப்போயிருந்தது.

“பூஜைக்கு மொத நாளு கடைசியா மூடுனது நீதான?” என்றார். நான்தான். ஒழுங்காக மூடினேன் என்றும் சொன்னேன். அவர் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

உடனே என் சந்தேகம் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. இஞ்சினியர் திரும்ப வரவேண்டும் என்பதற்காகவே ஏதாவது செய்துவைத்தாரா? கணக்குப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வந்ததே பிடிக்காது, அவர் வேலையா? கண்ணாடி வழியாகத் திரையைப் படித்தேன். டிஸ்க்கை மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி நின்றுகொண்டிருந்தது. எந்த டிஸ்க்கை என்று அது சொல்லவில்லை. எல்லாரும் உள்ளே இருப்பதைத்தான் நினைத்துப் பயந்திருந்தார்கள். எனக்கு, பிளாப்பி முதலில், ஹார்ட் டிஸ்க் பிறகு என்ற அந்த வரிசை ஞாபகம் வந்தது. முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவு இருக்கிறது, அதைத் திறந்து பிளாப்பி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள் என்றேன். ஆள் வந்து பார்க்கும் என்றார் கணக்குப்பிள்ளை.

பகல் பஸ்ஸில் அந்த ஆள் வந்தது. என்னைவிடச் சின்னப் பெண், கையில் சர்டிபிகேட் பைல். பெட்டியைச் சரிசெய்ய வந்தவள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவள் தயங்காமல் சொன்னாள்: “ரிப்பேரெல்லாம் தெரியாதுக்கா. ஆப்பரேட்டர் வேலைக்கு ஒடனே ஆள் வேணும்னு நேத்தே போன் வந்துச்சு.”

நேற்றே. நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் நாற்காலிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பொரிப் பொட்டலம் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

அதன்பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணக்குப்பிள்ளையைத் தாண்டி உள்ளே போய், சின்னக் கதவைத் திறந்து பட்டனை அழுத்தினேன். பிளாப்பி வெளியே வந்தது. மேலே சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமப் பொட்டு. ஒரு கீயைத் தட்டினேன். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, வரி வரியாக எழுதிக்கொண்டு எழுந்தது. கணக்கு முழுவதும் அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“நாந்தேன் வச்சேன்,” என்றார். “பூஜையில வெறும் படிய வைக்க மாட்டோம்ல. அரிசி நெப்பித்தேன் வைப்போம். இதும் வாய் காலியா இருந்துச்சு. புதுசு ஒண்ணு எடுத்து பொட்டு வச்சு சொருகுனேன்.”

சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் கணக்குப்பிள்ளை. இருவருக்கும் அது நினைவிலேயே இல்லை. சாமிக்குச் செய்தது எப்படிக் கெடுதலாகும்? அதனால் அந்தப் பக்கம் அவர்கள் யோசனையே போகவில்லை.

பெட்டியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டு, எழும்போதே டெலீட் கீயை அழுத்தி அதன் செட்டிங்குக்குள் போய், ஹார்ட் டிஸ்க் முதலில், பிளாப்பி பிறகு என்று வரிசையை மாற்றினேன். யாரும் தடுக்கவில்லை. மதுரைப் பெண்ணுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லி பஸ்ஸேற்றிவிட்டார்கள். நீயே இரும்மா என்று முதலாளி என்னிடம் சொன்னார். வேலை தங்கியதில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது.

எங்கள் தெருக் கடையின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. அவசரம் என்றால் அதில்தான் கூப்பிடுவார்.

“மதுரைக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணாச்சி?”

அவர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.

“தோணவே இல்லம்மா.”

யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ என்று துருவுகிற எனக்கு, அந்தப் பதிலைச் சந்தேகப்பட வழியே இல்லாமல் போயிற்று.