குடிக்காமல் திரும்பிய தண்ணீர்

அன்று பள்ளி விட்ட நேரத்தில் எங்கள் தெரு அக்கா செய்த காரியத்தைப் பார்த்து, இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரசுப் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. அக்கா கடை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற பிள்ளைகளை மறித்து, அவர்களுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. தூக்குவது, கொடுப்பது, "சரி, போ கண்ணு" என்பது.

"என்னக்கா, பாட்டிலை எல்லாம் ஏலத்துக்கு எடுக்கப் போறீங்களா?"

"குறுக்க பேசாதீங்க தம்பி. நீங்களும் வந்து ரெண்டு தூக்கிப் பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நகல் எடுக்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு நானும் போய்த் தூக்கினேன். பையன்களுடைய பாட்டில்கள் காலி. பெண்பிள்ளைகளுடையது எல்லாம் கனத்தன. காலையில் வீட்டில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஏன்?" என்றார் அக்கா, பதிலை நான்தான் கல்லாப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பது போல.

இந்த 'ஏன்' எங்கள் தெருவில் பிரசித்தம். அதனாலேயே அவருக்கு சி.ஐ.டி. அக்கா என்று பேர் விழுந்தது. வேலை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் அறை துப்புரவு. ஆள் காலி செய்த அறையைத் திறந்ததும் அவருக்குக் கதை ஆரம்பித்துவிடும். இரண்டு தலையணை இருக்க ஒன்று மட்டும் ஏன் கசங்கியிருக்கிறது, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இந்த மனுஷர் எதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துக்கொண்டே படுக்கை விரிப்பை உருவுவார். யோசனை முடிவதற்குள் அறை பளபளவென்று ஆகியிருக்கும். நேற்று இங்கே ஒரு ஆள் இருந்தான் என்பதே அடுத்தவருக்குத் தெரியக் கூடாது, அதுதான் தொழில். கடைசியாகக் கை கழுவும் இடத்தில் சின்னத் துண்டு ஒன்றை விசிறி போல மடித்து நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவார். அந்த விசிறி மடிப்பு அவருடைய கையெழுத்து. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். "ரோட்டுல கூட நிம்மதியா இருக்கேன் மாப்ளே, வீட்டுக்கு வந்தா விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கு" என்று என்னிடம் அழாத குறையாகச் சொல்வார்.

பாட்டில் விவகாரம் அவர் மகளிடம் தொடங்கியது. எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை, அவளும் எதையாவது கேட்டு நச்சரித்துக்கொண்டே இருப்பாள். போன மாதம் அவளுக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கண்டித்து அனுப்பினார். அக்கா பெரிய பாட்டிலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அது தினமும் போன மாதிரியே திரும்பி வந்தது. கேட்டால், "தாகம் எடுக்கலம்மா" என்று பதில். தாகமே எடுக்காத ஒரு பிள்ளை உலகத்தில் உண்டா என்பது அக்காவின் மண்டையைக் குடைந்தது. தன் மகள் மட்டும்தானா, மற்ற பிள்ளைகளும் இப்படித்தானா என்று பார்க்கத்தான் அன்று வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டில் மகள் குதித்தாளாம். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியேம்மா! தெரியணும்னா என்னைக் கேட்க வேண்டியதுதானே?"

"உன்னைத்தானேடி ஒரு வாரமா கேட்டுட்டு இருக்கேன்?"

அப்புறம்தான் அவள் சொன்னாள். பெண்கள் கழிவறை பூட்டிக் கிடக்கிறது. பையன்கள் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். பெண்கள் எங்கே போவது? அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. பெரிய வகுப்புப் பெண்கள் சின்ன வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்து, அதுவே வழக்கமாகிவிட்டது. எல்லாம் சொல்லிவிட்டு, "எட்டாவதோட நிறுத்திக்கிறேன்மா. என்னால முடியல" என்றாளாம்.

அக்காவும் எட்டாவதோடு நின்றவர்தான். எதையும் ஏன் என்று கேட்கிற அவரை, நீ ஏன் நின்றாய் என்று மட்டும் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றார். ஊரில் எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம்.

"பூட்டாம என்னம்மா செய்யச் சொல்றீங்க?" என்றார் பெரிய டீச்சர். "மோட்டார் எரிஞ்சு வருஷக் கணக்கா ஆச்சு. தொட்டிக்குத் தண்ணி ஏறல. தண்ணி இல்லாததைத் திறந்து விட்டா ரெண்டே நாள்ல ஒருத்தரும் உள்ள கால் வைக்க முடியாது."

"புது மோட்டார் கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்காம இருப்பேனா? கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்க ஸ்கூல்ல ஒரு குறையும் இல்லையேன்னு திருப்பி என்னையே கேட்கறாங்க."

யார் அப்படிச் சொல்வது, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பெரிய டீச்சருக்குத் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அக்கா விடுதியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டார். வருஷா வருஷம் எங்கள் பள்ளியை ஆய்வு செய்ய வருகிற அதிகாரி அங்கே இருந்தார். கண்ணாடி போட்ட, அதட்டாமல் பேசுகிற அம்மா. அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நானே வந்து பார்த்தேனேம்மா. தொட்டி நிறைய தண்ணி இருந்துச்சு. கழிவறையில வாசனை கூட நல்லா இருந்துச்சு. கை கழுவற இடத்துல ஒரு துண்டை விசிறி மாதிரி மடிச்சு வச்சிருந்தாங்க. அதை நான் வேற ஸ்கூல்ல எல்லாம் போய்ச் சொல்லியிருக்கேன், பார்த்துக் கத்துக்கோங்கன்னு."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என்ன நடந்தது என்றால், நாலு தெரு தள்ளி இருந்த ஒரு பள்ளியைச் சில வருஷங்களுக்கு முன்பு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். ஆய்வில் பேர் கெட்டால் நம் பள்ளிக்கும் அதே கதிதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதனால் ஆய்வுக்கு முந்தின நாள் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தை ஜோடிப்பார்கள். டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்புவார்கள். நாற்காலி வாடகைக் கடைக்காரர் உடையாத பெஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்குவார். என் கடை மின்விசிறியும் ஊர்வலம் போய்விட்டு வரும். கழிவறை அக்காவின் பொறுப்பு. விடுதியிலிருந்து வாசனை சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு குறை இருந்தது என்ற சுவடே இல்லாமல் செய்துவிட்டு வருவார். ஆய்வு முடிந்ததும் பெஞ்சு கடைக்குப் போகும், தண்ணீர் தீரும், பூட்டு பழைய இடத்துக்கு வரும். இப்படிப் பூசி மெழுகியதில் எங்களுக்குப் பெருமை வேறு. மற்ற நாளெல்லாம் அந்தப் பூட்டுக்கு முன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை, எதற்கும் ஏன் கேட்கிற அக்கா உட்பட.

அக்கா அந்த அதிகாரியிடம் இதில் எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாராம். "மேடம், ஒரு ஸ்கூல் நல்லா இல்லைன்னா மூடிடுவீங்களா?"

"யாரு சொன்னது? பிள்ளைங்க குறைஞ்சாத்தான் மூடுவாங்க. வசதி இல்லைன்னா வசதி செஞ்சு கொடுக்கறதுக்குத்தானே நாங்க வந்து பார்க்கறோம்?"

திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொன்னவர், முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "என் துண்டு தம்பி! என் துண்டைப் பார்த்துத்தான் மோட்டார் வேணாம்னு முடிவு பண்ணியிருக்காங்க!" சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். வந்த வாடிக்கையாளர் நான் ஏதோ திட்டிவிட்டதாக நினைத்து என்னை முறைத்தார்.

அந்த வருஷ ஆய்வு நெருங்கியது. அக்கா பெற்றோரைப் பள்ளி மைதானத்தில் கூட்டி, "இந்தத் தடவை ஒரு துரும்பையும் தொடக் கூடாது. இருக்கறபடியே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கூட்டம், கமிட்டி எல்லாம் அலர்ஜி. அன்று மட்டும் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

நாற்காலி வாடகைக் கடைக்காரர் துள்ளி எழுந்தார். "நம்ம வீட்டு ஓட்டையை நாமே கூப்பிட்டுக் காட்டணுமா? அசிங்கமா இல்ல?"

"அண்ணே, உங்க பெஞ்சு ஒரு நாள்தான் நிக்குது. மீதி நாள் உங்க பேத்தி எதுல உட்கார்றா?"

அவர் திரும்ப உட்கார்ந்தார். பெரிய டீச்சர்தான் ஓரத்தில் நின்று கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். "எல்லாம் என் தலையில விழும். நான் ரிட்டயர் ஆகற நேரத்துல கெட்ட பேரோட போகணுமா?"

"உங்க பேர் கெடாது டீச்சர். இத்தனை வருஷம் மூடி மறைச்சது நாங்கதான்னு நாங்களே சொல்றோம். உங்க பக்கத்துலயே நிக்கறோம்" என்றார் அக்கா. பெரிய டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆய்வு நாளன்று பாதிப் பெற்றோர் வாசலில் நின்றார்கள், ஒருவர் கையிலும் துடைப்பம் இல்லை. அக்காவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கழிவறைக் கதவு மூலையில் தொங்கிய ஒட்டடையை நோக்கி அவர் கை தானாகப் போனது. "அக்கா!" என்று நான் அதட்ட, கையை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். வெளியில் நல்ல வெயில். வந்ததும் பெரிய டீச்சர் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். உடைந்த பெஞ்சுகளைப் பார்த்து முகம் மாறியது. பூட்டைத் திறக்கச் சொன்னார், திறந்தார்கள், நாற்றத்தில் பின்வாங்கினார். "போன வருஷம் இருந்ததை இப்படி ஆக்கிட்டீங்களே டீச்சர்!" என்று பெரிய டீச்சரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். பெரிய டீச்சர் கண்ணில் நீர் முட்டியது.

அக்கா முன்னால் வந்தார். "டீச்சர் ஒண்ணும் பண்ணல மேடம். போன வருஷம் நீங்க பார்த்தது ஒரு நாள் கூத்து. அந்தத் துண்டை மடிச்சது நான்தான். நாங்க எல்லாரும் சேர்ந்துதான் உங்களை ஏமாத்தினோம்."

அதிகாரி நம்பவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. டீச்சரைக் காப்பாற்றப் பெற்றோர் ஒரு கதை கட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். நேராக வகுப்புகளைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். பழி டீச்சர் தலையில், பூட்டு கதவில், அடுத்த வருஷம் அக்காவின் மகள் வீட்டில்.

மத்தியானம் ஆனது. எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அதிகாரி கொஞ்சம் அவஸ்தையாக இருந்தார், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பெரிய டீச்சரிடம் குனிந்து, "பக்கத்துல வீடு ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். முதல் பெஞ்சில் இருந்த அக்கா மகள் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்க வந்ததும் தண்ணி குடிச்சீங்க இல்ல? அது தப்பு. இங்க வர்ற அன்னைக்குக் காலையில இருந்தே குடிக்கக் கூடாது. வாய் காஞ்சா லேசா நனைச்சுக்கணும், முழுங்கக் கூடாது. முதல்ல தலைவலிக்கும், அப்புறம் பழகிடும்."

கிண்டல் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்வது போல, அக்கறையாகத்தான் சொன்னாள். மற்ற பெண்பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அதிகாரி அவள் பெஞ்சில் இருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். கனத்தது. அடுத்தவளுடையதை எடுத்தார். அதற்கடுத்ததை அவர் எடுக்கவில்லை.

அக்காதான் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்வந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று நானும் எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தேன். சி.ஐ.டி. வாயிலிருந்து வரவழைக்க முடியுமா? திரும்பி வந்த அதிகாரி பெரிய டீச்சரின் கையைப் பிடித்து ஏதோ சொன்னதை மட்டும் பார்த்தேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு ரொம்ப மட்டமான மதிப்பெண். நாற்காலி வாடகைக் கடைக்காரர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை, நான் என்ன செய்தேனோ. மோட்டார் உடனே வந்துவிடவில்லை. அக்கா வாரா வாரம் போன் போட்டு "ஏன் இன்னும் வரல?" என்று கேட்டு, அலுவலகத்தில் அவர் குரல் கேட்டாலே பதறும் நிலைமைக்குக் கொண்டுவந்த பிறகு, மழைக்காலம் தொடங்கும்போது வந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறியது. பூட்டைக் கழற்றிப் பெரிய டீச்சரே தன் மேஜைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து என் கடையில் நின்றுகொண்டிருந்தார். பள்ளி விட்டது. மகள் ஓடி வந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பாட்டில் பத்தலம்மா," என்றாள் மகள். "இதைவிடப் பெருசா வாங்கிக் கொடு. ஒன்பதாவதுல சாயங்காலமும் கிளாஸ் இருக்காம்."

அக்கா என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா தம்பி?" என்றார்.

கேட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குப் பதில் அந்தப் பாட்டிலை வாங்கி நானும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன்.