தம்பிக்குப் பத்து ரூபாய், எனக்கு?

எழுபதுகளின் ஆரம்பத்தில், காரைக்குடியில் ஒரு லேடி டாக்டர் நடத்திவந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு இரண்டாவது பிள்ளையாக மகன் பிறந்த நாள். ஆனால் நான் சொல்லப்போவது மகனைப் பற்றி இல்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால் அதே ஆஸ்பத்திரியில் பிறந்த என் மகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், என் கணவரின் தாராளமான கையைப் பற்றி.

அவருக்கு அப்போது சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை. நாங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஆட்கள். இவர் மட்டும் தனி ரகம். எங்கே போனாலும் இனாம் கொடுக்காமல் திரும்ப மாட்டார். ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு காபி சாப்பிட்டாலும் சர்வருக்குத் தனியாகப் பத்துப் பைசா உண்டு. இவர் தலையைக் கண்டாலே சர்வர்கள் துணியோடு ஓடிவந்து மேசையைத் துடைப்பார்கள். முடிவெட்டுகிறவர், குதிரை வண்டிக்காரர், தந்தி கொண்டுவருகிறவர், பஸ்ஸில் மூட்டை ஏற்றுகிறவர், யாரையும் விட்டதில்லை. எதற்கு இப்படி வாரி இறைக்கிறீர்கள் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன். "நமக்கு ஒரு நல்லதக் கொண்டாந்து வச்சவுக வெறுங்கையோட போகக் கூடாது" என்றார். அப்படியே உருகிப்போனேன். என் தங்கைகளிடம் அதைச் சொல்லிச் சொல்லியே பீற்றிக்கொண்டேன்.

மகள் பிறந்தது பகல் பதினோரு மணிக்கு. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா இருந்தாள். நாற்பது வயது இருக்கும், முழங்கை வரை பச்சை குத்திய கை. பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே நிற்கிற தகப்பனிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுவது அவள்தான். காட்டினால் இனாம் கிடைக்கும். ஆண் என்றால் ஐந்து ரூபாய். பெண் என்றால் ஒன்றோ இரண்டோ, அதுவும் மனசு வந்தால். யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. "மகாலட்சுமி வந்திருக்காகய்யா" என்று ஆயா சொன்னது காதில் விழுந்தது. அவர் குழந்தையைப் பார்த்தார். வழக்கம்போல வலது கை சட்டைப் பைக்குள் போனது. சில்லறை குலுங்கிய சத்தம்கூடக் கேட்டது. பிறகு அந்தக் கை கைக்குட்டையோடு வெளியே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லை, போய்விட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார். ஆயா குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

முன்பின் தெரியாத சர்வருக்கெல்லாம் பை திறக்கும். பெற்ற பெண்ணைக் கொண்டுவந்து காட்டியவளுக்குத் திறக்கவில்லை. அப்படியென்றால் அவள் கொண்டுவந்தது நல்லது இல்லை என்றுதானே கணக்கு? நான் இப்படிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனாம் கிடைக்காத கோபத்தில் ஆயா என்னைக் கவனிக்க மாட்டாள் என்று பயந்தேன். அப்படி எதுவும் இல்லை. ஏழு நாளும் வெந்நீர் நேரத்துக்கு வந்தது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, என் பக்கத்தில் கிடத்திவிட்டுத்தான் போனாள்.

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் போனதும் மகள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எங்கே போனாலும் கையோடு கூட்டிப்போவார். ஓட்டலில் அந்தப் பத்துப் பைசாவை அவள் கையில் கொடுத்து, சர்வருக்கு வைக்கச் சொல்வார். ஐந்து வயதுக்குள் யாருக்கு எவ்வளவு என்று அவளுக்கு அத்துப்படி. அவர் மறந்தாற்போல எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து ஞாபகப்படுத்துவாள்.

இந்த நிலையில்தான் மகன் பிறந்தான். அதே ஆஸ்பத்திரி, அதே ஆயா. அன்று அவர் கையைப் பார்க்க வேண்டுமே! ஆயாவுக்குப் பத்து ரூபாய் நோட்டு. கூட்டுகிற அம்மாவுக்கு ஐந்து. வாசலில் சும்மா நின்ற வண்டிக்காரருக்குக்கூட இரண்டு. மகள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். ஆயா தம்பியைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் அந்த நோட்டு செருகியிருந்தது. மகள் அதையே பார்த்துவிட்டு ஆயாவிடம் கேட்டாள்.

"தம்பிக்குப் பத்து ரூபா குடுத்தாகள்ல, நான் பெறந்தப்ப எங்கப்பா எம்புட்டுக் குடுத்தாக?"

பிள்ளை குறையாகக் கேட்கவில்லை. தன் அப்பா நிறையக் கொடுத்திருப்பார் என்று தெரிந்து, அதை ஆயா வாயால் கேட்கும் ஆசையில் கேட்டாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இப்போது ஆயா உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை முகம் என்ன ஆகும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஆயா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் தாடையைத் தொட்டு, "ஒனக்கா தாயி? தம்பிக்குக் குடுத்ததவிடக் கூடத்தான் குடுத்தாக. நோட்ட வாங்குறப்ப எங்கையி நடுங்கிப்போச்சு" என்றாள்.

மகள் பூரித்துப்போய்த் தொட்டிலுக்குள் குனிந்து தம்பியிடம் ஏதோ பெருமையடிக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து அவர் இன்னொரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து ஆயாவிடம் சத்தமில்லாமல் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. அன்னைக்கே வாங்கிட்டேன்னு பிள்ளகிட்டச் சொல்லிப்புட்டேன். இப்ப வாங்குனா அது பொய்யாயிரும்" என்று மெதுவாகச் சொன்னாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நோட்டு அவர் கையிலேயே இருந்தது. ஒரு மனுஷி அவரிடம் இனாம் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இதுவரை அவரைப் பற்றியே சொல்லிவிட்டேன். என் பங்கையும் சொல்லியாக வேண்டும். மகள் பிறந்தபோது என் தலையணைக்கு அடியில் இரண்டு ரூபாய் இருந்தது. பிள்ளை பிறந்ததும் ஆயாவுக்குக் கொடு என்று என் அம்மா தந்துவிட்டுப் போனது. பெண்ணா, ஆணா என்றெல்லாம் அம்மா பிரித்துச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஆயா கட்டில் பக்கம் வந்து நின்றபோது நான் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன். அந்த இரண்டு ரூபாயைப் பிறகு குன்றக்குடி முருகன் உண்டியலில் போட்டேன், அடுத்தது ஆணாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு. அவர் பெண் பிறந்ததற்குக் கொடுக்கவில்லை. நான் பெண்ணுக்கு உரியதை எடுத்து ஆணுக்காகக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேரில் யார் மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆயா சொன்னதை மகள் மறக்கவே இல்லை. தம்பியோடு சண்டை வரும்போதெல்லாம், உன்னைவிட எனக்குத்தான் அப்பா கூடக் கொடுத்தார், ஆயாவே சொன்னார்கள் என்று அதைத்தான் எடுத்துவிடுவாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அவர் இறந்த அன்று, வந்தவர்களிடம் எல்லாம் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். நான் தாங்க முடியாமல் வாய்விட்டுக் கதறினேன். புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியை மூடி எவ்வளவோ காலம் ஆகிறது. அந்த ஆயாம்மா எங்கே போனார்கள் என்று தெரியாது. பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் மகள் இந்த மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துப் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கும் ஓட்டலுக்குப் போனால் சர்வருக்குப் பணம் வைப்பது அவள்தான், அப்பாவைப் போலவே தாராளமாக வைக்கிறாள். தான் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே இனாம், வெறுங்கையோடு போன ஒருத்தி கொடுத்த ஒரு பொய் மட்டும்தான் என்பது தெரியாமல்.