பிபினூர் விழுங்காத மாத்திரை

அல்மாத்தி நகரத்து டிராலிபஸ் டிப்போவில் பிபினூரைத் தெரியாதவர்கள் கிடையாது. மலைப்பக்கம் ஏறுகிற சாலையில் பனி உறைந்து கிடக்கும்போது ஆண் ஓட்டுநர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். இவள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஓட்டுவாள். குடித்துவிட்டு ஏறி வம்பு செய்த ஒருவனைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவள்.

அப்படிப்பட்டவளின் முகம் ஒரு குளிர்காலத்தில் உப்ப ஆரம்பித்தது. கன்னம் வீங்கி, கழுத்துக்குப் பின்னால் சதை மேடிட்டது. கை கால் மட்டும் குச்சியாயின. மோவாயில் முடி முளைத்தது.

"பிபினூருக்குத் தாடி வருதுப்பா. இன்னும் கொஞ்ச நாள்ல பள்ளிவாசல்ல நம்மகூட முன்வரிசைதான்" என்று டிப்போவில் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள்.

ரத்த அழுத்தம் எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான், இடது சிறுநீரகத்தின் மேலே குல்லா போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. சுரப்பியோடு சேர்த்துக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். முகம் மெல்ல வடிந்தது. பழைய பிபினூர் மறுபடி தெரிய ஆரம்பித்த அன்று அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று அழுதாள்.

ஆனால் கட்டி திரும்ப வரக்கூடாது என்று டாக்டர் ஷோல்பான் ஒரு மருந்து எழுதினார். வீட்டில் அதற்குப் பெயர் 'பெரிய மாத்திரை'. கூடவே ஹார்மோன் மாத்திரை ஒன்று. அது 'வெள்ளை மாத்திரை'. பெரிய மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் போடவேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அடிக்கடி ரத்தம் கொடுத்து மருந்தின் அளவு பார்க்கவேண்டும். தலை சுற்றும், தூக்கம் வரும், பேச்சு தடுமாறும்.

"அதனால வண்டி ஓட்டக்கூடாது" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்கு?"

"இதைப் போடுற வரைக்கும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"நடுவுல நிறுத்திட்டா?"

"நிறுத்தினாலும் உடனே போயிடாது. உடம்புக் கொழுப்புக்குள்ள மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கும்."

பிபினூர் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆறாவது மாடி வீடு. மகன் ஒராஸ் மேற்கே எண்ணெய் வயலில் வேலை. மாதம் முழுக்க அங்கேதான். வீட்டில் புருஷன் தொலெகென், வயிற்றில் பிள்ளையோடு இருந்த மருமகள் மக்பால். சாப்பிடப் பிடிக்காத வயிற்றுக்குள் பாலாடையும் வெண்ணெயும் போட்ட ரொட்டியைத் திணித்து, அதன் மேல் மாத்திரையையும் தள்ளிவிட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்காருவாள். சொல்ல வந்த வார்த்தை நாக்குக்கு வராது. உப்பை எடு என்பதற்குப் பதில் கதவை எடு என்பாள். தொலெகென் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உப்பை நகர்த்துவான்.

ஒருநாள் மாத்திரை ஒன்று கைதவறித் தரையில் உருண்டது. மக்பால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தொடாதே!" என்று அலறினாள் பிபினூர்.

மக்பால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிள்ளை சுமக்கிறவள் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும். இருந்தும் மாமியாருக்குத் தேநீர் ஊற்றி, தட்டு எடுத்துப் பழகிய கை.

"மறந்துட்டேன் அபா."

"நான் வீட்டுல விஷத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்டி" என்றாள் பிபினூர். கையுறையை மாட்டிக்கொண்டு தானே அதைத் தேடி எடுத்தாள்.

வசந்தப் பண்டிகைக்கு நாத்தனார் கலிமா குதிரைக்கறித் தொத்திறைச்சியோடு வந்தாள். மேசையில் மருந்து டப்பாவைப் பார்த்ததும் கையை உதறினாள். அண்ணியை அவள் ஜெங்கே என்றுதான் கூப்பிடுவாள்.

"ஹார்மோனா? ஐயோ ஜெங்கே, எங்க பக்கத்து வீட்டுக்காரி இதை முழுங்கித்தான் தலையணை மாதிரி ஆனா. இப்பத்தான் உங்க முகம் முகமா இருக்கு. மறுபடி ஊதிக்கணுமா?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள் மக்பால், தேநீர் ஊற்றியபடி.

"டாக்டரா ஊதப்போறா? நீ சும்மா இரு."

பிபினூர் டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் பெரிய மாத்திரையை விழுங்கிவிட்டு, வெள்ளை மாத்திரையைக் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் விட்டு அனுப்பினாள். வேலை போயிற்று, சாப்பாட்டின் ருசி போயிற்று, வாய்வார்த்தையும் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே என்று அவளுக்கு இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

தினமும் அப்படியே செய்தாள். சில நாள் போயின. உடம்பு ஓய்ந்துகொண்டே வந்தது. எழுந்தால் கண் இருட்டியது. பிறகு ஒரு மதியம் வாந்தி பிடித்துக்கொண்டது.

"அந்த மருந்து அப்படித்தான் பண்ணும். தூங்கட்டும்" என்றான் தொலெகென்.

மக்பால் எட்டிப் பார்த்தபோது பிபினூரின் உதடு வெளுத்து, நெற்றியில் சில்லென்று வேர்வை பூத்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்து மூடியது.

"அபா, இங்க பாருங்க. வெள்ளை மாத்திரை போட்டீங்களா?"

தலை லேசாக ஆடியது, இல்லை என்று.

"எப்பலேர்ந்து?"

"கலிமா... வந்துட்டுப் போனதுலேர்ந்து."

மக்பால் அலமாரியைத் திறந்தாள். இப்படி ஒரு நிலைமை வந்தால் போடுவதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி கொடுத்து, போடவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தொலெகெனும் உடன் இருந்துதான் கற்றுக்கொண்டான். ஆனால் இப்போது குப்பியை எப்படித் திறப்பது என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"மாமா, இப்படிக் கொடுங்க. நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யலைன்னு முதல்ல சொல்லுங்க. சும்மா வாந்தின்னு சொல்லாதீங்க!"

மருந்தைக் கரைத்து ஏற்றி, மாமியாரின் தொடையில் ஊசியை இறக்கினாள். பிறகுதான் சத்தமாக அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏறி, பிபினூர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டபோது டாக்டர் ஷோல்பான் கட்டிலோரம் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"பெரிய மாத்திரை உங்க மிச்ச சுரப்பியையும் வேலை செய்யவிடாது. அந்தச் சுரப்பி தர்றதைத்தான் வெள்ளை மாத்திரை தருது. அது இல்லாம உடம்புல ரத்த அழுத்தமே நிக்காது."

"முகம் ஊதிடுமே?"

"முன்னாடி கட்டி அளவில்லாம கொட்டிச்சு, ஊதிச்சு. இப்ப உடம்புக்கு வேண்டிய அளவுதான் தர்றோம். அதுலயும் பெரிய மாத்திரை பாதியைக் கரைச்சுடும். அதனாலதான் மத்தவங்களுக்குத் தர்றதைவிட உங்களுக்குக் கூடுதல். காய்ச்சல் வந்தா இன்னும் ஏத்தணும். வாந்தி எடுத்தா ஊசி. எங்க போனாலும் உங்க நோயை எழுதிக் கொடுத்த அட்டை பையில இருக்கணும்."

"அப்ப இதுலேர்ந்தும் இறங்க முடியாது."

"இப்போதைக்கு முடியாது" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியபின் கலிமா அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டாள். "நீ சொன்னே, நான்தானே கொட்டினேன்" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டாள் பிபினூர். மக்பாலின் கையைப் பிடித்து என்னவோ சொல்ல நினைத்தாள். வார்த்தை வரவில்லை. மக்பால், "தெரியும் அபா, தெரியும்" என்றாள்.

கோடையில் பேத்தி பிறந்தாள். ஸ்கேனில் புதிதாகக் கட்டி எதுவும் தெரியவில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவும் வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. ஆகவே இன்னும் தொடரவேண்டும் என்றார்கள். நல்ல செய்திதான் என்று எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவளும் தலையாட்டினாள்.

இப்போது ஒவ்வொரு வேளையும் தொலெகென் எதிரே வந்து நிற்பான்.

"முழுங்கிட்டியா?"

"வாயைத் திறந்து காட்டணுமா?"

"காட்டு."

திறந்து காட்டுவாள். நாக்கைத் தூக்கியும் காட்டுவாள், வேண்டுமென்றே. அவன் முகம் சிவந்தாலும் நகரமாட்டான்.

ஒரு காலை அப்படிக் காட்டிவிட்டு, அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. தொலெகென் மெதுவாகத் தட்டினான்.

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல. நிக்கிறேன்."

வெளியே அவன் மூச்சு கேட்டது.

"நில்லு" என்றான். "தாழ்ப்பாள் மட்டும் போடாதே."