பதினெட்டு நாய் நீளம்

மனைவியின் சீட்டுக்காசைத் தொலைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சாதாரண நாய்ப் பந்தயத்தில் வைத்த காசுதான் போகும். நான் கைபேசியில் ஆடியது வேறு. வெல்லும் நாய்க்கும் அடுத்த நாய்க்கும் இடையில் எத்தனை நாய் நீளம் இருக்கும் என்பதே பந்தயம். நாலுக்குள் முடியும் என்று கட்டினேன். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு நீளத்துக்கும் ஆயிரம் குரோனர் நான் கொடுக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை டென்மார்க்கில், எங்கள் விபோர்க் நகர வீட்டில் எட்டு வயது மகளும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். முதல் வளைவில் ஒரு நாய் விழுந்தது. பின்னால் வந்தவை அதில் மோதித் தடுமாறின. முன்னால் தப்பிய ஒன்று மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, விழுந்த நாய்க்கு நோகுமா?” என்று டேனிஷில் கேட்டாள்.

“பொறு பிள்ளை, எத்தினை நீளமெண்டு பாக்கவேணும்.”

பதினெட்டு. சீட்டுக்காசு பதினாலாயிரம் போயிற்று. அந்த நாய் எழும்பவேயில்லை.

காசை ஓவர்டைம் செய்து அடைத்தேன். போன கிழமை மகள் சைக்கிளால் விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு வந்தாள்.

“நோகுதோ பிள்ளை?” என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“இல்லை” என்று சொல்லிவிட்டு, தாயிடம் போய் அழுதாள்.

அந்தக் கேள்வியை நான் அன்றைக்கே, அந்த நாய்க்காகக் கேட்டிருக்க வேண்டும்.