மூன்றாவது பந்து

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்கால் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த வீடியோ கேம் கடையில், சண்டை ஆட்டத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை. ஒருநாள் கும்பகோணம் பஸ் கண்டக்டர் தோளில் பையும் பல்லிடுக்கில் விசிலுமாக என்னோடு ஆட வந்து நின்றார். ஆடும்போதும் விசிலை எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெருப்புப் பந்து வீசுவது மட்டும்தான். முதல் பந்து வேகமாக வந்தது, தாண்டிவிட்டேன். அடுத்தது ஆமைபோல் வந்து, அவசரப்பட்டுக் குதித்த என் காலைச் சுட்டது. திரையில் அவர் ஆள் பந்து வீச மறுபடி குனிந்ததும் எம்பினேன். பந்தே வரவில்லை. இறங்கிய இடத்தில் எனக்கு ஒரே குத்து! கடையே கத்தியது.

"என்னண்ணே, வீசவே இல்லையே?"

"வீசாம இருக்கறதும் அதுல ஒரு வகைதான் தம்பி."

டிரைவர் ஹாரன் அடிக்க, ஓடினார். பஸ் கிளம்பும் விசில் கேட்டபோதும், தோற்றுப்போன நான்தான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.